தனியே ஓர் இதழ்: மணிக்கொடியிலிருந்து ‘எழுத்து’ வரை

குழுவாகக் கூடி எழுதியவர்களில் ஒருவர் பிரிந்து வந்து தமக்கென்று ஓர் இதழைத் தொடங்குவது தமிழ் இலக்கிய உலகில் பலமுறை நடந்திருக்கிறது என்றாலும், அந்தப் பிரிவுக்குரிய முழு விலையையும் தம் கையிலிருந்தே கொடுத்து, அதனால் விளைந்த பயனை மொழிக்கு விட்டுச் சென்றவர் என்று ஒருவரைச் சுட்டவேண்டுமானால் அவர் சி.சு. செல்லப்பாதான். ஏலமலைச் சரிவுகள் இறங்கிவந்து கம்பம் பள்ளத்தாக்கைத் தொடும் பகுதியில், போடிநாயக்கனூருக்கு அருகிலுள்ள சின்னமனூரில் 1912ஆம் ஆண்டு பிறந்த அவருடைய பெயரின் முதலெழுத்து அந்த ஊரையே குறிக்கிறது. வளர்ந்தது வத்தலகுண்டில். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமையரும், ‘மணிக்கொடி’யைச் சிறுகதை இதழாக மாற்றி நடத்திய பி.எஸ். ராமையாவும் அதே வத்தலகுண்டுக்காரர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், நவீனத் தமிழ் உரைநடைக்கு இந்த மலையடிவாரப் பகுதி செய்திருக்கும் கொடை இன்னும் உரிய அளவில் பேசப்படவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

செல்லப்பா எழுதப் பழகிய குழு ‘மணிக்கொடி’. ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவரும் 1933இல் வார இதழாகத் தொடங்கிய அது, 1935இல் ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கான இதழாக மாறியபோது புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி, சிட்டி போன்றவர்கள் அதில் எழுதினார்கள். இளைஞரான செல்லப்பாவும் அவர்களோடு சேர்ந்தார். இவர்கள் ஒரே கொள்கை உடையவர்கள் அல்லர் என்றாலும், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்லும் பழக்கமும், சிறுகதை என்ற வடிவத்தின்மீது எல்லாருக்கும் இருந்த பற்றும் அவர்களைப் பிணைத்திருந்தன. புதிதாக எழுத வருபவருக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை.

அந்த இதழ் 1939இல் நின்றபின் குழுவினர் ஆளுக்கொரு திசையில் சென்றார்கள். க.நா. சுப்ரமண்யம் அதே ஆண்டில் ‘சூறாவளி’யைத் தொடங்கினார்; கு.ப.ரா. துறையூர் சென்று, 1944இல் இறக்கும்வரை ‘கிராம ஊழியன்’ இதழில் பணியாற்றினார். ராமையா திரைப்படத்துறைக்குப் போனார். செல்லப்பா விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று திரும்பி, பின்னர் ‘தினமணி கதிர்’ போன்ற இடங்களில் பத்திரிகைப் பணி பார்த்தார். ஆகவே அவர் மணிக்கொடிக் குழுவைச் சண்டையிட்டுப் பிரிந்தவர் அல்லர். குழு கலைந்தபின்னும் அதன் நோக்கத்தைக் கைவிடாமல், அதற்கு அடுத்து என்ன செய்யவேண்டும் என்று ஏறக்குறைய இருபது ஆண்டுகள் யோசித்துக்கொண்டிருந்தவர்.

அவர் கண்ட குறை விமர்சனத்தைப் பற்றியது. ஒரு கதையையோ கவிதையையோ ‘நன்று’, ‘நன்றன்று’ என்று தீர்ப்புச் சொல்லி விட்டுவிடாமல், அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் சரிகிறது என்று வரி வரியாகப் பிரித்து ஆராய்வது அலசல் விமர்சனம் எனப்படும். கேம்பிரிட்ஜில் எஃப்.ஆர். லீவிஸ் 1932 முதல் 1953 வரை நடத்திய ‘ஸ்க்ரூட்டினி’ போன்ற இதழ்கள் ஆங்கிலத்தில் இதற்கென்றே இயங்கிய காலத்தில், தமிழில் தொடர்கதைகளால் பல்லாயிரம் பிரதிகள் விற்ற வார இதழ்களில் அத்தகைய கட்டுரைக்கு இரண்டு பக்கம் கிடைப்பதும் அரிதாக இருந்தது. குழுவாக நடத்தும் இதழ்களில் வேறொரு தடை இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுபவரின் கதையை அலசினால் நட்பு நோகும் என்ற தயக்கமும், அது அச்சில் வருமா என்பதை வேறொருவர் முடிவு செய்யவேண்டியிருந்த நிலையும் சேர்ந்து எழுதுபவரின் பேனாவை மெல்லத் தளர்த்தின. படைப்பைக் கூட்டாக வளர்க்கலாம், கறாரான விமர்சனத்துக்குச் சொந்த நிலம் வேண்டும் என்பதே செல்லப்பா தனி இதழ் தொடங்கியதன் உட்பொருள்.

1959 ஜனவரியில் சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’ வெளிவந்தது. கடைகளில் தொங்கவிடுவதில்லை, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, சந்தா செலுத்துபவர்களுக்கே அனுப்புவது என்ற முடிவுகளோடு அவர் தொடங்கினார். வணிக நோக்கம் இல்லாமல், குறைந்த வாசகர்களை மட்டும் எண்ணி நடத்தப்படும் இத்தகைய வெளியீட்டைச் சிற்றிதழ் என்று இன்று குறிப்பிடுகிறோம். அந்த மரபுக்குத் தமிழில் உறுதியான அடித்தளம் இட்டது ‘எழுத்து’ என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

தனியே போவது என்பது நடைமுறையில் எத்தகையது என்று அறிய, போடிநாயக்கனூரின் ஏலக்காய் வணிகத்தைப் பார்த்தால் போதும். விவசாயி காயை ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்திச் சலித்துத் தரம் பிரித்து ஏல மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், வாங்குபவர்களைத் திரட்டுவதும் விலை கேட்பதும் பணம் வாங்கித் தருவதும் ஏலம் நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. அந்த வழியை விட்டுத் தாமே விற்கப் புறப்படுபவருக்கு விலை சொல்லும் உரிமை கிடைக்கிறது, கூடவே ஆள் தேடி அலையும் வேலையும் விற்காத மூட்டையும் அவருக்கே வந்து சேர்கின்றன. செல்லப்பாவுக்கும் அதுவே நேர்ந்தது. எழுதுவது, பிறர் எழுதியதைத் தேர்வது, அச்சகத்தோடு பேசுவது, மெய்ப்புப் பார்ப்பது, அஞ்சலில் சேர்ப்பது எல்லாம் அவருடைய வேலை. ‘எழுத்து பிரசுரம்’ என்ற பெயரில் தாமே பதிப்பித்த நூல்களைக் கட்டாகக் கட்டித் தோளில் சுமந்து, ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குச் சென்று ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விற்றார். அவரை அறிந்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும் காட்சி இது. அதை அவர்மீது பரிவு கொள்வதற்கான காட்சியாக மட்டும் காண்பது முறையாகாது, ஏனெனில் அந்தப் புத்தகக் கட்டுகள் கல்லூரிகளுக்குப் போனதனால்தான் புதிய தலைமுறை ஒன்று நவீன இலக்கியத்தை நேரில் கண்டது.

பிரிந்து வந்த எல்லாரும் இந்த வழியில் நடக்கவில்லை. கல்கி, ‘ஆனந்த விகட’னை விட்டு வெளியேறி 1941இல் ‘கல்கி’ இதழைத் தொடங்கியபோது டி. சதாசிவம் அவரோடு நின்றார், எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற பணம் அந்த இதழுக்கு முதலாயிற்று. ஏற்கெனவே திரண்டிருந்த வாசகர் கூட்டமும் கல்கியைப் பின்தொடர்ந்தது. செல்லப்பாவோ, விமர்சனம் படிக்கும் வாசகரை முதலில் உருவாக்கவேண்டிய நிலையில் இருந்தார்.

விமர்சனத்துக்காகத் தொடங்கிய இதழில் கவிதை செழித்தது எதிர்பாராத விளைவு. யாப்பின் கட்டுப்பாட்டை விட்டு, சொல்லின் இயல்பான ஓட்டத்திலும் படிமத்திலும் ஊன்றி எழுதப்படுவது புதுக்கவிதை. பிச்சமூர்த்தி முன்பு எழுதிய ‘பெட்டிக்கடை நாரணன்’ என்ற கவிதையை முதல் இதழில் செல்லப்பா மறுபிரசுரம் செய்ய, சில மாதங்களுக்குள் சுந்தர ராமசாமி ‘பசுவய்யா’ என்ற பெயரில் எழுதத் தொடங்கினார். திருகோணமலையிலிருந்து தர்மு சிவராமு என்ற இளைஞர், பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர், கவிதைகள் அனுப்பினார். வெங்கட் சாமிநாதன் விமர்சகராக அறிமுகமானதும் இங்கேதான். 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்து ‘புதுக்குரல்கள்’ என்ற நூலைச் செல்லப்பா வெளியிட்டபோது, தனி ஒருவரின் இதழ் மீண்டும் ஒரு குழுவாகியிருந்தது.

குழுவானதும் அதிலிருந்தும் பிரிவுகள் தொடங்கின. அலசல் முறையைவிட வாசக ரசனையையும் உலக இலக்கியப் பரிச்சயத்தையும் பெரிதாகக் கருதிய க.நா.சு. 1963இல் ‘இலக்கிய வட்டம்’ தொடங்கினார். ‘எழுத்’தில் எழுதிய சி. மணியின் முயற்சியில் 1968இல் சேலத்திலிருந்து ‘நடை’ வந்தது. 1970இல் சென்னை இளைஞர்கள் ‘கசடதபற’வை ஆரம்பித்தார்கள். இவற்றைத் தோல்வியின் அடையாளமாகக் கொள்ள முடியாது. சொந்த நிலம் வேண்டும் என்று வந்தவரிடம் பயின்றவர்கள் தாங்களும் அதையே நாடியது இயல்பு. ‘எழுத்’தின் விளைவு அதன் வட்டத்துக்கு வெளியேயும் தெரிந்தது. போடிநாயக்கனூரை அடுத்த மீனாட்சிபுரத்தில் பிறந்த நா. காமராசன் 1971இல் ‘கறுப்பு மலர்கள்’ தொகுப்பை வெளியிட்டார். அவர் திராவிட இயக்கத்தின் மேடைகளிலிருந்தும் 1965ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்திலிருந்தும் வந்தவர், ‘எழுத்து’ மரபினர் அல்லர். ஆயினும் யாப்பைத் துறந்த கவிதை என்றால் முகம் சுளித்த காலம் அதற்குள் கடந்துபோயிருந்ததில் செல்லப்பாவின் பங்கு உண்டு.

‘எழுத்து’ 119 இதழ்களோடு 1970இல் நின்றது. அது தொடங்கிய ஆண்டிலேயே வெளிவந்த ‘வாடிவாசல்’ என்ற செல்லப்பாவின் சிறு நாவல், சல்லிக்கட்டுத் திடலில் ஒரு மாலைப்பொழுதில் நடப்பதை அந்த வட்டாரத்தின் பேச்சுத் தமிழிலேயே சொல்லி, இன்று அவருடைய நூல்களில் மிக அதிகமாகப் படிக்கப்படுவதாக இருக்கிறது. எண்பத்தைந்து வயதை நெருங்கிய காலத்தில், விடுதலைப் போராட்டத்தைக் களமாகக் கொண்ட ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று பாக நாவலையும் பதிப்பாளருக்குக் காத்திராமல் அவர் தாமே அச்சிட்டார். 1998இல் அவர் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது.