‘மார்க் மாறினா வேணாம்!’ - பீடிக்கட்டுப் பெயருக்கு ஏன் இத்தனை மவுசு?

வெள்ளிக்கிழமை என்றால் ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தை களைகட்டிவிடும். ஜவ்வாது மலையிலிருந்து ஆடுகளோடு இறங்கி வருபவர்கள் ஒரு பக்கம், வெளியூர் வியாபாரிகள் இன்னொரு பக்கம் என்று பேரம் சூடு பறக்கும். ஐம்பது, நூறு ரூபாய்க்காக அரைமணி நேரம் விட்டுக்கொடுக்காமல் பேசுவார்கள். ஆட்டின் பல்லைப் பார்ப்பார்கள், முதுகைத் தடவிப் பார்ப்பார்கள், தூக்கி எடை பார்ப்பார்கள். ‘சும்மா பேரைச் சொல்லி என்னை ஏமாத்த முடியாது’ என்பதுதான் சந்தைக்காரர்களின் பெருமை.

பேரம் முடிந்ததும் அடுத்த நிறுத்தம் பெட்டிக்கடை. எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் அங்கே கேட்கக்கூடிய பேச்சு இது.

“நம்ம மார்க் ஒரு கட்டு குடுப்பா.”

“அது தீந்துபோச்சு தாத்தா. இதுவும் நல்லாத்தான் இருக்கும், எடுத்துக்குங்க.”

“மார்க் மாறினா வேணாம் போ!”

வெயிலில் நான்கு கடை ஏறி இறங்கி, அதே படம் போட்ட கட்டைக் கண்டுபிடித்துத்தான் பெரியவர் ஓய்வார். டீத்தூள் மாறினால் கவலைப்பட மாட்டார். சோப்பு மாறியதே அவருக்குத் தெரியாது. பீடியில் மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? பல்லைப் பார்த்து ஆடு வாங்குகிறவர், பீடியில் மட்டும் படத்தைப் பார்த்து வாங்குவது எப்படி?

ஜனாதிபதிக்கும் அதே பிடிவாதம்

இது பெட்டிக்கடை வாடிக்கையாளரின் பழக்கம் மட்டுமல்ல. 1962 பிப்ரவரியில் கியூபாவோடு வர்த்தகத்தையே நிறுத்த முடிவு செய்தார் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி. உத்தரவில் கையெழுத்திடுவதற்கு முன்னால், தன் பத்திரிகைத் தொடர்புச் செயலாளர் சாலிஞ்சரை அழைத்து, தனக்குப் பிடித்த கியூபா சுருட்டில் ஆயிரம் வாங்கி வரச் சொன்னாராம். மறுநாள் காலை 1,200 சுருட்டு கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார் என்று சாலிஞ்சரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஊருக்கெல்லாம் தடை போட்டவராலும் தன் ‘மார்க்’கை விட முடியவில்லை.

தடை வந்த பிறகு கியூபா சுருட்டின் மவுசு குறையவில்லை, கூடியது. கிடைக்காத பொருள் என்றாலே தனி ருசிதானே! கியூபாவின் ‘கோஹிபா’ 1966-ல் ஃபிடல் காஸ்ட்ரோவுக்காகவும், அரசு விருந்தினர்களுக்குப் பரிசளிக்கவும் தயாரானது. பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது 1982-ல்தான். காசு கொடுத்தாலும் கிடைக்காது என்ற பேச்சே அதற்குப் பெரிய விளம்பரமாக இருந்தது. இன்று உலகத்தில் அதிகமாகப் போலி செய்யப்படும் சுருட்டுகளில் அதுவும் ஒன்று. இதில் இன்னொரு வேடிக்கை: அமெரிக்காவில் அதே ‘கோஹிபா’ பெயரில் வேறொரு நிறுவனம், வேறு நாட்டுப் புகையிலையில் சுருட்டு விற்கிறது. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று பல ஆண்டுகள் கோர்ட்டில் சண்டை நடந்தது. இலை வேறு, மண் வேறு. சண்டை பெயருக்குத்தான்.

சர்ச்சில் பிடித்தது எந்தச் சுருட்டு?

நம் ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் சுருட்டுக்கு வழங்கும் ‘செரூட்’ என்ற சொல்லே நம் ‘சுருட்டு’ கப்பலேறிப் போனதுதான். 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடக்கும் சாம்பலை வைத்தே ‘இது திருச்சிச் சுருட்டு’ என்று துப்பறிவார் ஹோம்ஸ். லண்டன் வாசகருக்கும் விளக்கம் தேவைப்படாத அளவுக்குத் திருச்சிச் சுருட்டு அன்று பிரபலம்.

உறையூர்ப் பக்கம் போனால், ‘சர்ச்சிலே எங்க சுருட்டைத்தான் பிடிச்சார்’ என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். இளம் ராணுவ அதிகாரியாகச் சர்ச்சில் பெங்களூரில் இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 1895-ல் கியூபா போய் வந்தபோதே அவருக்கு ஹவானா சுருட்டு ஒட்டிக்கொண்டுவிட்டது. வாழ்நாள் முழுக்க அவர் கையில் அதிகம் புகைந்ததும் கியூபா சுருட்டுதான். ‘ரோமியோ ஒய் ஜூலியட்டா’ என்ற கியூபா நிறுவனம் தன் நீளமான சுருட்டு ஒன்றுக்குச் சர்ச்சில் பெயரையே சூட்டியது.

சர்ச்சில் கதையைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட உறையூரில், சுருட்டுத் தொழில் என்ன ஆனது? வீதி வீதியாகச் சுருட்டிய கைகள் குறைந்து, இன்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பட்டறைகள் இருக்கின்றன. பெரிய பெயர், சுருட்டியவர்களைக் காப்பாற்றவில்லை.

92 கோடி ரூபாய்ப் பெயர்

பீடிக்கு வருவோம். பெயருக்கு என்ன விலை இருந்துவிடப் போகிறது என்று நினைக்கிறீர்களா? தென்னிந்தியாவில் பிரபலமான மங்களூர் கணேஷ் பீடி நிறுவனத்தில் பங்குதாரர்களுக்குள் ஒத்துவராமல் போய், விஷயம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பங்குதாரர்களுக்குள்ளேயே ஏலம் விடப்பட்டது. 1994-ல் அந்தத் தொழிலை அவர்களில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த தொகை 92 கோடி ரூபாய். பிறகு வருமான வரிக் கணக்கில் தகராறு வந்து, 2015-ல் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. வாதத்தின் மையமே, கொடுத்த பணத்தில் டிரேட்மார்க்குக்கும் தொழில் ரகசியத்துக்கும் எவ்வளவு என்பதுதான்.

யோசித்துப் பாருங்கள். பீடி சுற்ற ராட்சத மெஷின் வேண்டாம். ஓர் இலை, ஒரு சிட்டிகை புகையிலைத் தூள், ஒரு முழம்கூட வேண்டாத நூல், இவ்வளவுதான் சரக்கு. அப்படியானால் அந்தக் கோடிகள் எதற்கு? ‘மார்க் மாறினா வேணாம்’ என்று சொல்லும் லட்சக்கணக்கான பெரியவர்களின் பிடிவாதத்துக்குத்தான். அந்த விசுவாசத்தை ஒரு கூட்டம் விற்கிறது, இன்னொரு கூட்டம் வாங்குகிறது. விசுவாசமாக இருந்தவருக்கு அதில் ஒரு பைசாவும் வருவதில்லை.

கண்ணைக் கட்டிவிட்டால்?

‘எனக்கு என் மார்க் ருசி தெரியும். கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன்’ என்பார்கள் அபிமானிகள். 1930-களிலேயே அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சிகரெட் பிடிப்பவர்களின் கண்ணைக் கட்டிவிட்டு, பல பிராண்டுகளைக் கொடுத்து எது எதுவென்று கேட்டார்கள். குத்துமதிப்பாகச் சொன்னால் எத்தனை சரியாக வருமோ, ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் விடைகள் வந்தன.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊரில் போலி லேபிள் ஒட்டிய பீடிக்கட்டுகள் பிடிபட்ட செய்திகளை அவ்வப்போது படிக்கிறோம். பண்டல் பண்டலாகப் பிடிப்பார்கள். அதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது கம்பெனியின் புகார், அல்லது போலீஸுக்குக் கிடைத்த தகவல். ‘என் பீடி ருசி மாறிப்போச்சு’ என்று வாடிக்கையாளர் போய்ப் புகார் கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? லேபிளும் நூல் நிறமும் சரியாக இருந்தால் போதும், போலியும் ‘நம்ம மார்க்’தான்.

முறத்துக்கு முன்னால் ஒரு ஆயுள்

இந்தப் பெயர்களுக்கு எல்லாம் பின்னால் இருக்கும் கைகளைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் வேலூர் மாவட்டத்திலேயே குடியாத்தம், பேரணாம்பட்டு பகுதிகளில் வீட்டுத் திண்ணைகளில் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான் அவர்கள்.

மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது பீடி இலை. குஜராத்திலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணிப் பக்கமிருந்தும் வருகிறது புகையிலை. இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்து வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால்தான் ஆயிரத்தை எட்ட முடியும். சரியில்லை என்று கழித்துப் போட்டால் நஷ்டம் சுற்றியவருக்கு. கொடுத்த இலை பத்தாவிட்டால் கைக்காசு போட்டு வாங்க வேண்டியும் வரும்.

1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதை எதிர்த்துப் பல நிறுவனங்கள் போட்ட வழக்குகளில், 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1976-ல் நல நிதிச் சட்டமும் வந்தது. ஆனாலும் இடையில் ஒரு கான்ட்ராக்டர் இருப்பதால், ‘இவர் எங்கள் தொழிலாளிதான்’ என்று ஒரு கம்பெனியை ஒப்புக்கொள்ள வைப்பதே பல பெண்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. அட்டை இருந்தால்தானே பி.எஃப்., பிள்ளைகளுக்கு உதவித்தொகை எல்லாம்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 25 பீடி உள்ள கட்டு, தினம் ஒன்று. வருடத்துக்கு 9,125 பீடி. முப்பது வருடம் மார்க் மாறாமல் பிடித்தால் 2,73,750 பீடி. நாளைக்கு ஆயிரம் சுற்றும் ஒரு பெண்ணுக்கு இது ஒன்பது மாத வேலை. ஒருவரின் முப்பது வருட நுரையீரல், இன்னொருவரின் ஒன்பது மாத முதுகுவலி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இருவருக்கும் நடுவில் இருப்பது அந்தப் படம் போட்ட லேபிள் மட்டும்தான்.

‘பீடிதானே, கெடுதல் கம்மி’

இதுவும் விசுவாசத்தின் ஒரு பகுதிதான். ‘சிகரெட்டுல பேப்பர், கெமிக்கல். பீடி வெறும் இலை’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். உண்மை நேர்மாறானது. ஒரு பீடியில் இருக்கும் தூள் கால் கிராமுக்கும் குறைவுதான், சிகரெட்டில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஆனால் காகிதம் போல இலை காற்றை உள்ளே விடாது. நெருப்பு அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன. வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு எதிலும் பீடிக்குச் சலுகை கிடையாது. கால் ரத்தக்குழாய் அடைத்து, விரல் கறுத்து, வெட்டியெடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும் ‘பர்ஜர்’ நோய் பீடி பிடிப்பவர்களிடம் அதிகம் காணப்படுவது மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம்.

2016-17-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் 4 சதவிகிதம் பேர் சிகரெட் பிடித்தார்கள். பீடி பிடித்தவர்கள் 7.7 சதவிகிதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அப்பா பிடித்த மார்க்

ருசியே தெரியாது என்றால், இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது? பீடி பிடிக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் இலையைப் பற்றியதாக இருக்காது. ‘எங்கப்பா இதைத்தான் பிடிப்பார், கடைக்கு என்னைத்தான் அனுப்புவார்’ என்பார் ஒருவர். ‘செங்கல் சூளைக்கு வேலைக்குப் போன முதல் நாள் மேஸ்திரி கொடுத்தது’ என்பார் இன்னொருவர். முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைத்துப் படைக்கிற ஊரில், புகையோடு சேர்ந்து வரும் நினைவுகளுக்குப் பஞ்சமா?

அந்த நினைவு உண்மையானது. அப்பா மேல் இருக்கும் பாசமும் உண்மையானது. அதற்குக் கூலி வாங்கிக்கொள்வதுதான் லேபிள். பாசத்தை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது நிகோட்டின். காலையில் எழுந்ததும் கை தேடுவது அப்பாவையா, அதையா என்று அவரவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2003-ம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்றது. அதன்படி, ‘ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கிட்டு வா’ என்று பிள்ளையை அனுப்பினால் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. அடுத்த தலைமுறை விசுவாசி உருவாகிற இடமே அந்தக் கடை வாசல்தான். வீட்டில் இருப்பவர்கள் இன்றே நிறுத்தக்கூடிய ஒரு விஷயம் உண்டென்றால், அது பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது.

கடைசியாக ஒன்று. அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்கு வரும் பெரியவர் நான்கு கடை அலைந்து தன் மார்க்கைக் கண்டுபிடிப்பார். படத்தைப் பார்ப்பார், நூலைப் பார்ப்பார், போலியா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். 2018 செப்டம்பரிலிருந்து புகையிலைப் பொருட்களின் மேலுறையில் ஓர் எண்ணை அச்சடிக்க வேண்டும் என்பது விதி: 1800-11-2356. புகையை விட நினைப்பவர்களுக்கு உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் அது.

முப்பது வருடமாகத் தன் கட்டைத் தேடித் தேடிப் பார்த்தவர் கண்ணில் அந்த ஒரு வரி மட்டும் படவே இல்லை. வீட்டில் ஒரு தாத்தாவோ, அப்பாவோ, அண்ணனோ இருந்தால், இந்த முறை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.