செஞ்சிக் கோட்டைக்கு ஸ்கூல் டூர்... மலை ஏறி இறங்கினால் போதுமா?

“சார், இன்னும் எவ்வளவு தூரம் சார்?”

செஞ்சி ராஜகிரி மலையின் பாதிப் படியில் இந்தக் கேள்வியைக் கேட்காத பள்ளிக்கூடக் குழுவே இருக்காது. “இதோ வந்துடுச்சு, அந்தத் திருப்பம்தான்” என்பார் ஆசிரியர். அந்தத் திருப்பத்துக்கு அப்புறம் இன்னொரு திருப்பம் இருப்பது அவருக்கும் தெரியும். கையில் இருந்த தண்ணீர் பாட்டில் காலியாகி, பையில் இருந்த புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஆனாலும் பிள்ளைகள் ஏறுவார்கள். சிரித்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் மூச்சு வாங்கிக்கொண்டும் ஏறுவார்கள்.

உச்சிக்குப் போனதும் ஒரு குரூப் போட்டோ. அப்புறம் இறக்கம். கீழே வந்ததும் பஸ். “அடுத்து பாண்டிச்சேரி பீச்!” என்று ஒரே கூச்சல்.

செஞ்சிக்கு வரும் பல சுற்றுலாக்கள் இப்படித்தான் முடிகின்றன. ஒரே நாளில் திருவண்ணாமலை, செஞ்சி, புதுச்சேரி என்று மூன்று ஊர்களைத் திட்டமிட்டால் கோட்டைக்குக் கிடைப்பது இரண்டு, இரண்டரை மணி நேரம். அது மலை ஏறவே சரியாகப் போய்விடும்.

பாரிஸில் கிடைத்த பட்டம்

2025 ஜூலை 11 அன்று, பாரிஸில் நடந்த யுனெஸ்கோ உலக பாரம்பரியக் குழுவின் கூட்டத்தில் ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகள் உலக பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சமிருக்கும் ஒன்று, நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி.

மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில், ஊட்டி மலை ரயில் இருக்கும் பட்டியலில் செஞ்சியும் சேர்ந்துவிட்டது. சந்தோஷமான செய்திதான். ஆனால் செய்தி வந்த அன்றே, “தேசிங்கு ராஜா கோட்டைதானே அது, மராட்டியக் கோட்டை எப்போ ஆச்சு?” என்று பலர் புருவம் உயர்த்தினார்கள். நியாயமான கேள்வி. பதிலைத் தெரிந்துகொள்ள பாரிஸ் வரை போகவேண்டாம். கோட்டைக்குள் கொஞ்சம் நிதானமாக நடந்தால் போதும்.

வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் பள்ளிகள் எவ்வளவு தயாராகின்றன என்று யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் தனியார் பள்ளிகள் இன்று நிறைய. பள்ளிக் கல்வித்துறையே போட்டிகளில் ஜெயிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்கிறது. 2022-ல் ஒரு குழு ஷார்ஜா, துபாய் போய்வந்தது. அப்படிப் போகும்போது என்ன பார்க்கப்போகிறோம், அங்கே என்ன நடந்தது என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதாலேயே செஞ்சிக்கு அந்தத் தயாரிப்பு இல்லை.

ஒரே கோட்டை, எத்தனை பெயர்!

திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் பஸ்ஸில் வரும்போதே கோட்டை தெரிந்துவிடும். சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி. தெற்கே உயர்ந்து நிற்பது ராஜகிரி. தென்கிழக்கே சந்திரகிரி. உள்ளூர்க்காரர்களுக்கு ராஜகிரி என்றால் ‘ராஜா கோட்டை’, கிருஷ்ணகிரி என்றால் ‘ராணிக் கோட்டை’. இந்த மூன்று மலைகளையும் முக்கோணமாக இணைத்து ஓடும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர்.

முதலில் இங்கே கோட்டை கட்டியவர் ஆனந்தக் கோன் என்கிறது ஊர் வரலாறு. ஆடு மேய்த்த குடும்பத்தில் பிறந்தவர், மலையில் கிடைத்த புதையலை வைத்து 1200-ஐ ஒட்டிய காலத்தில் சின்னதாக ஒரு கோட்டை கட்டினாராம். அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் பெயரில்தான் கிருஷ்ணகிரி. அப்புறம் விஜயநகரப் பேரரசின் கீழ் வந்த செஞ்சி நாயக்கர்கள். நாம் இன்று பார்க்கும் கோயில்களும் மாளிகைகளும் பெரும்பாலும் அவர்கள் காலத்து வேலை.

அதன் பிறகு பீஜப்பூர் சுல்தான்கள் வந்தார்கள்; கோட்டைக்கு ‘பாதுஷாபாத்’ என்று பெயர் வைத்தார்கள். 1677-ல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றி மதில்களைப் பலப்படுத்தினார். 1698-ல் முகலாயர் கைக்கு வந்தபோது அது ‘நுஸ்ரத்கட்’. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே ராத்திரியில் உள்ளே புகுந்தது. 1761-ல் ஆங்கிலேயர், 1780-ல் ஹைதர் அலி. ஆங்கிலேயர்கள் இதைக் ‘கிழக்கின் ட்ராய்’ என்றார்கள்.

பெயர்களையும் வருடங்களையும் மனப்பாடம் பண்ணவேண்டியதில்லை. மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இத்தனை பேர் இந்த மலைக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள்?”

பதில் தரையில் இருக்கிறது

1689-ல் அவுரங்கசீப் மராட்டிய மன்னர் சம்பாஜியைக் கொன்ற பிறகு, தம்பி ராஜாராம் ராய்கட்டிலிருந்து தப்பி, மாறுவேடத்தில் தெற்கே வந்து சேர்ந்த இடம் செஞ்சி. அடுத்த பல வருடங்களுக்கு மராட்டிய அரசின் தலைநகரமே இதுதான். யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி இடம்பிடித்ததன் பின்னணி இது. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698-ல். ஏழு வருடங்களுக்கும் மேல்! அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

ஏழு வருடம் ஒரு கோட்டை எப்படித் தாங்கும்? மூன்று மலைகளையும் சேர்த்து முழுசாக வளைக்க முகலாயப் படையால் முடியவில்லை என்பது ஒரு காரணம். ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால், பாறைக்கு நடுவே 20 அடிக்கும் மேல் அகலமாக, சுமார் 60 அடி ஆழத்துக்கு ஒரு பிளவு இருக்கிறது. இன்று அதன்மேல் பாலத்தில் நடந்து போகிறோம். அன்று இருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்கவேண்டியதுதான். பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் இடமும் அதுதான்.

ஆனால் சோறும் தண்ணீரும் இல்லாமல் வெறும் பாறை எத்தனை நாள் காப்பாற்றும்?

இங்கேதான் அடிவாரம் முக்கியமாகிறது. ராஜகிரிக்குக் கீழே வளைந்த கூரையோடு பிரமாண்டமான தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன. உள்ளே போனால் வெயில் சட்டென்று காணாமல் போய்விடும். பக்கத்தில் குதிரை லாயங்கள், உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம். கோட்டையின் அடையாளமாகப் போஸ்டர்களில் வரும் கல்யாண மகாலும் இங்கேதான். நடுவில் அடுக்கடுக்காக எழும் கூம்புக் கோபுரம், சுற்றிலும் அறைகள். அதன் அடுக்குகளை எண்ணிப் பார்ப்பதோடு பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். தூரத்தில் இருந்த குளத்திலிருந்து சுடுமண் குழாய்கள் வழியே மகாலின் மேல் தளம் வரை தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்? மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை. உயரமான இடத்தில் தேங்கும் தண்ணீர் அதே உயரம் வரை தானாக ஏறும் என்கிற, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற அறிவியல்தான்.

கொஞ்சம் தள்ளி செட்டிக்குளமும் சக்கரக்குளமும் இருக்கின்றன. மலை உச்சியிலும் சுனைகளும் மழைநீரைச் சேர்க்கும் குளங்களும் உண்டு. மலையில் விழும் மழையில் ஒரு சொட்டையும் வீணாக்கக்கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எதிரில் இருக்கும் கிருஷ்ணகிரியில் எண்ணெய்க்கும் நெய்க்கும் தனித்தனிக் கிணறுகள்! முற்றுகைக் காலத்துக்கான சேமிப்பு. ‘நெய்க் கிணறு’ என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பிள்ளையாவது ஆர்வமில்லாமல் இருக்குமா?

இருபத்திரண்டு வயது ராஜா

சரி, தேசிங்கு ராஜா எங்கே வருகிறார்?

முகலாயர் கோட்டையைப் பிடித்த பிறகு, பந்தேல்கண்ட் ராஜபுத்திரரான சரூப் சிங்கிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் மகன் தேஜ் சிங். நம் வாயில் ‘தேசிங்கு’ ஆகிவிட்டார். அப்பா இறந்த பிறகு செஞ்சியை அவர் ஆண்டது சில மாதங்கள்தான். கப்பம் கட்டும் தகராறில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பெரும்படையோடு வந்தபோது, சில நூறு குதிரை வீரர்களோடு எதிர்த்து நின்று, 1714 அக்டோபர் 3 அன்று களத்திலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 22.

ஜெயித்தவரை விட்டுவிட்டு, தோற்ற இளைஞனைப் பாட்டாக்கி வைத்துக்கொண்டது இந்த ஊர். தேசிங்கு ராஜன் கதையில் வரும் நீலவேணி குதிரையும், கல்யாண மணமேடையிலிருந்து எழுந்து நண்பனோடு போருக்குப் போகும் மோவுத்துக்காரனும் இன்றும் கிராமத்துத் தெருக்கூத்து மேடைகளில் உயிரோடு இருக்கிறார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து ‘ராஜா தேசிங்கு’ படமும் வந்தது. இந்துவான ராஜாவுக்காக உயிர் கொடுத்த முஸ்லிம் நண்பன் என்ற கதையை மக்கள் 300 வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

செட்டிக்குளக் கரையில் ஒரு மேடை இருக்கிறது. தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதும், அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறியதும் அங்கேதான் என்கிறார்கள். அந்தப் பெண்ணின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததாம். அதே கோட்டைக்குள், நவாப் தன் வெற்றியின் நினைவாகக் கட்டிய சாதத்துல்லா கான் மசூதியும் நிற்கிறது. மசூதிக்கும் மேடைக்கும் நடந்தே போகலாம். டூர் வரும் குழுக்களில் மிகச் சிலவே அந்தப் பக்கம் போகின்றன.

போகிறீர்களா? கொஞ்சம் கவனிங்க

காலையில் கோட்டை திறந்ததுமே ராஜகிரி ஏறிவிடுவது நல்லது. மெதுவாக ஏறினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். பிற்பகல் 3 மணிக்கு மேல் மலையேற விடமாட்டார்கள். மேலே கடை கிடையாது, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் அவசியம். சாப்பாட்டுப் பொட்டலங்களை பஸ்ஸிலேயே வைத்துவிடுங்கள், குரங்குகளோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது. 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் என்றால் மலையை விட்டுவிட்டு அடிவாரத்தை மட்டும் சுற்றிக்காட்டுங்கள். அதுவே அரை நாள் பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பாறை கொதிக்கும், வேண்டாம்.

நேரம் மிச்சமிருந்தால் பக்கத்திலேயே திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவியின் கல்வெட்டும் அங்கே உண்டு. கோட்டையைவிடப் பல நூற்றாண்டு பழையது.

கோட்டையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் வெங்கடரமணர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். நாயக்கர் காலத்துப் பெரிய கோயில். அங்கே ஒரு வேலை இருக்கிறது: தூண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கும் தூண்களை மட்டுமல்ல, இல்லாத தூண்களையும். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து வேலைப்பாடுள்ள உயரமான கல்தூண்களைப் பெயர்த்து, சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள்.

மாலையில் பஸ் புதுச்சேரி கடற்கரைக்குப் போய்ச் சேரும். பிள்ளைகள் முதலில் ஓடுவது காந்தி சிலைக்குத்தான். சிலையைச் சுற்றி வட்டமாக உயர்ந்து நிற்கும் கருங்கல் தூண்களில் சாய்ந்துகொண்டு, ஐஸ்கிரீம் கையோடு இன்னொரு குரூப் போட்டோ எடுப்பார்கள். அவை, காலையில் அவர்கள் பார்த்துவிட்டு வந்த செஞ்சியின் தூண்கள்.