சீமைக்குப் போன நம் சொற்கள்

போன வாரம் ஒரு சாயங்காலம் அம்பத்தூரில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் இல்லை. எமர்ஜென்சி விளக்கடியில் என் மகளும் அவள் தோழியும் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன ஐந்து வார்த்தைகள் எழுத வேண்டுமாம். நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

"அடுப்பங்கரையிலேயே ஆரம்பிங்கடி" என்றேன். 'கறி' அங்கே கர்ரி ஆனது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நம் மிளகு தண்ணிதான் 'மல்லிகடானி' சூப். மதராஸ் வெள்ளைக்காரர்கள் அதில் கோழியைப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். நம் ரசத்துக்கு அடையாளமே தெரியாது! அதை அவர்கள் குடித்த குடியில், அவர்களுக்கே 'மல்' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. 1886-ல் வெளியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் இதெல்லாம் இருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர்.

மூன்றாவது, கட்டுமரம் - கேட்டமரான்.

"கேஷ் போடலாமாம்மா? காசுதானே?"

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். ரொக்கம் என்ற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் கம்பெனி காலத்து மதராஸில் 'கேஷ்' என்றே ஒரு குட்டி நாணயம் இருந்தது. 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்த கேஷ்தான் நம் காசு. "நாணயம்னு பக்கத்திலே எழுதிடு" என்றேன்.

மகள் அகராதியைப் புரட்டி, "அம்மா, 'பரையா'ன்னு ஒண்ணு இருக்கு. ஒதுக்கப்பட்டவன்னு அர்த்தம். தமிழ்ச் சொல்லாம்!" என்று உற்சாகமாய்ப் படித்தாள்.

தோழியின் பென்சில் நின்றுவிட்டது. குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"அது நம்ம ஜனங்க பேருடி. பறை அடிக்கிறவங்கன்னு வந்த பேர்" என்றேன். ஊருக்கு வெளியே அவர்களை நாம் வைத்திருந்ததைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் அந்தப் பெயருக்கே அப்படி ஓர் அர்த்தம் கட்டினான். தெரு நாய்க்கும் அதே பெயரை வைத்தான். இன்றைக்கும் பிற நாடுகள் விலக்கி வைத்த தேசத்தை இங்கிலீஷ் பேப்பரில் 'பரையா' தேசம் என்று எழுதுகிறார்கள். அவனை மட்டும் சொல்வானேன்? அர்த்தத்தை எடுத்துக் கொடுத்தது நாம்தானே.

மகள் பேசாமல் அந்த வரியை அடித்தாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"அப்போ நாலுதான் இருக்கு" என்றாள் மெதுவாக.

"ஆன்ட்டி, எங்க தாத்தா பிடிப்பாரே சுருட்டு" என்று தோழி தலை நிமிர்ந்தாள். "ஷெரூட்ங்கிறது அதுதானே?"

"அதேதான்டி, எழுது!" என்றேன்.