போவோர் பலர்... வருவோர்?

சென்னை பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கி எந்தத் தெருவில் நடந்தாலும் இரண்டு வகைப் பலகைகள் கண்ணில் படும். மின்கம்பத்தில் கட்டியிருப்பது ஒன்று: 'வெளிநாட்டில் படிக்க வேண்டுமா? எங்களை அணுகுங்கள்.' வீட்டுக் கேட்டில் தொங்குவது இன்னொன்று: 'டு-லெட்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'ஃபேமிலிக்கு மட்டும். சைவம் மட்டும்' என்றிருக்கும். முதல் பலகை நம் பிள்ளைகளை வழியனுப்புகிறது. இரண்டாவது, வருகிறவரை வாசலிலேயே விசாரிக்கிறது. உயர்கல்வியில் 'சர்வதேசப் பரிமாற்றம்' என்று சொல்கிறோமே, அதில் நம் நிலை என்ன என்பதற்கு இந்த இரண்டு பலகைகளே போதும்.

வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, 2024-இல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021-22-இல் இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 47 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. அவர்களிலும் நான்கில் ஒருவருக்கு மேல் பக்கத்து நேபாளத்துக்காரர். இதற்குப் பரிமாற்றம் என்று பெயர் வைப்பது மனசாட்சிக்கு ஒத்துவராது. பந்தியில் ஒரு பக்கம் மட்டுமே இலை போட்டால் அதைப் பரிமாறுவது என்பார்களா?

ஒரு காலத்தில் இதே சென்னை இந்த வேலையைச் சரியாகச் செய்து காட்டியிருக்கிறது. பாலவாக்கத்திலிருந்து திருவான்மியூர், அடையாறு வழியாகப் போனால் நெரிசல் இல்லாத நாளில் அரைமணி நேரத்தில் அந்த இடம் வந்துவிடும்: கிண்டிக் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி.

பான் நகரில் போட்ட கையெழுத்து

1956-இல் பிரதமர் நேரு மேற்கு ஜெர்மனிக்குப் போனபோது, இந்தியாவில் ஓர் உயர் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமைக்க உதவுவதாக அந்த நாடு முன்வந்தது. 1959-இல் பான் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் சென்னை ஐ.ஐ.டி.யைத் தொடங்கி வைத்தார். முதல் அணியில் 120 மாணவர்கள். மேற்கு ஜெர்மனி தன் எல்லைக்கு வெளியே அன்றைக்கு எடுத்துச் செய்த மிகப் பெரிய கல்வித் திட்டம் இதுதான்.

பணமும் இயந்திரமும் வந்தன என்பதுதான் பொதுவாகப் பேசப்படும். உடன்படிக்கையைப் படித்தால் வேறொன்று தெரியும். ஜெர்மனியிலிருந்து 20 பேராசிரியர்கள் சென்னைக்கு வருவார்கள். இந்திய ஆசிரியர்கள் 20 பேர் பயிற்சிக்கு ஜெர்மனி போவார்கள். வருகிறவர் எத்தனை பேரோ போகிறவரும் அத்தனை பேர். போனவர்கள் திரும்பி வந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு அவர்கள் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. உதவுகிறவர் என்றைக்குக் கிளம்புவார் என்பதும் உதவியின் பகுதியாகவே திட்டமிடப்பட்டிருந்தது.

பேராசிரியர்களோடு ஃபோர்மேன்களும் வந்தார்கள் என்பதை இன்று அதிகம் பேர் நினைவு வைத்திருப்பதில்லை. லேத் முன்னால் நின்று, உலோகத்தை எப்படிப் பிடிப்பது, அளவு எங்கே தவறுகிறது என்று கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறவர்கள் அவர்கள். புத்தகத்தில் இருப்பதை யாரும் தபாலில் அனுப்பிவிடலாம். ஒர்க்‌ஷாப் பழக்கம் ஆளோடு வந்து ஆளோடு பழகினால்தான் ஒட்டும். ஆரம்ப கால மாணவர்களுக்கு ஜெர்மன் மொழியும் பாடமாக இருந்தது. 1973-இல் ஜெர்மன் உதவியோடு வந்து இறங்கிய ஐ.பி.எம். 370/155 கணினி, அன்றைக்கு இந்தியாவில் இருந்தவற்றிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதை இயக்குவதற்கு இங்கே ஆள் தயாராக இருந்தார்கள் என்பதுதான் அதைவிடப் பெரிய செய்தி.

சென்னை மட்டும் தனி உதாரணம் அல்ல. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1962 முதல் 1972 வரை தோள்கொடுத்தன. பம்பாய்க்கு சோவியத் யூனியன், டெல்லிக்கு பிரிட்டன். அந்தத் தலைமுறை, பரிமாற்றத்தை ஆசிரியரிடமிருந்து தொடங்கியது. ஒரு மாணவர் போய் வந்தால் ஒரு குடும்பத்துக்கு வெளிச்சம். ஓர் ஆசிரியர் போய் வந்தால் அடுத்த முப்பது ஆண்டு வகுப்புகளுக்கு வெளிச்சம் என்ற கணக்கு.

தரமணியில் தங்கிய புத்தகங்கள்

தமிழுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும், அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றிப் போயிருக்கலாம். மாறாக, தொகுப்பைச் சென்னையிலேயே வைத்து, மைக்ரோஃபிலிம் எடுத்து, அந்தப் பிரதிகளைத்தான் கடல் தாண்ட வைத்தார்கள். இன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படிப் பிறந்தது. வெளிநாட்டு ஆய்வாளர் வேண்டுமானால் இங்கே வரலாம். நம் ஆய்வாளர் தன் மொழியின் நூலைப் பார்க்க விசாவுக்கு நிற்க வேண்டாம். ஒருவர் பெற, இன்னொருவர் இழக்காமல் இருப்பதற்குப் பெயர்தான் பரிமாற்றம்.

செமஸ்டர் எங்கே இடிக்கிறது?

இன்றைய பரிமாற்றத் திட்டங்கள் வேறு அச்சில் வார்த்தவை. ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் 1987-இல் 11 நாடுகளோடும் 3,244 மாணவர்களோடும் தொடங்கியது. அதன் சூத்திரம் எளிமையானது. மாணவர் சொந்தக் கல்லூரியில் மட்டும் கட்டணம் கட்டுவார். போகும் இடத்தில் கட்டணம் இல்லை. என்னென்ன பாடம் படிக்கப் போகிறார் என்பது கிளம்பும் முன்பே எழுத்தில் முடிவாகிவிடும். ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட் என்று எல்லோருக்கும் பொதுவான அளவுகோல். ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் அதில் இடம் உண்டு.

நம் பக்கம் கதவு தாமதமாகத்தான் திறந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த விதிகளின்படி, வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் இணைப் படிப்பில், அதாவது ட்வின்னிங்கில், 30 சதவீதம் வரையிலான கிரெடிட்டை மாணவர் அங்கே ஈட்டலாம். காகிதத்தில் சரி. நாட்காட்டியில்தான் இடிக்கிறது. ஜெர்மனியில் குளிர்கால வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை ஓடும். நம் ஊரில் அதற்குள் ஒரு செமஸ்டர் பரீட்சை முடிந்து அடுத்தது தொடங்கியிருக்கும். ஒரு பருவம் வெளியே போன பிள்ளை இங்கே இரண்டு பருவத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. விட்டுப்போன பாடத்துக்கு அங்கே படித்ததை ஈடாக ஏற்பதா, 'அரியர்' போடுவதா என்பது துறைத் தலைவரின் தாராளத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

ஆகவே கல்லூரி விளம்பரத்தில், 'எத்தனை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் மூன்றே கேள்வி கேட்கலாம். போன ஆண்டு எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள்? அங்கே படித்த பாடம் மதிப்பெண் பட்டியலில் ஏறியதா? அங்கே கட்டணம் உண்டா, இல்லையா? பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டால், ஒப்பந்தம் வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்ட மட்டும்தான்.

நல்ல அறிகுறிகளும் உண்டு. வெளிநாட்டுப் பேராசிரியர்களைக் குறுகிய காலப் பாடம் நடத்த அழைக்கும் 'கியான்' திட்டம் 2015-இல் வந்தது. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வழியாகத் தமிழ்நாட்டு மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் வரை போய் வந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட, 2023-இல் சென்னை ஐ.ஐ.டி. தான்சானியாவின் சான்சிபாரில் தன் வளாகத்தைத் திறந்தது. இந்தியாவுக்கு வெளியே அமைந்த முதல் ஐ.ஐ.டி. அது. அதன் பொறுப்பை ஏற்ற பிரீத்தி அகாலயம், ஐ.ஐ.டி. வளாகம் ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் பெண். ஒரு காலத்தில் ஜெர்மன் ஆசிரியருக்காகக் காத்திருந்த வளாகம், இப்போது ஆப்பிரிக்கக் கரைக்கு ஆசிரியரை அனுப்புகிறது. இனி நம்மைப் பார்த்து சான்சிபார்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: எங்கள் ஆசிரியர்கள் எத்தனை பேர் சென்னைக்கு வந்து பழகித் திரும்பப் போகிறார்கள்?

கடைசியில், ஒரு சாவி

வருகிறவர்களுக்கு வகுப்பறை மட்டும் போதாது. படிப்பு விசாவில் 180 நாளுக்கு மேல் தங்குகிறவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். வீடு கொடுக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். இரண்டுமே இப்போது ஆன்லைனில் முடிகிற வேலை. ஆனாலும், 'போலீஸ் வரும், தொந்தரவு' என்று பயந்து வீடு தர மறுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்க மாணவர் என்றதும் வாடகை ஏறுவதும், 'ஏற்கெனவே ஆள் வந்துவிட்டது' என்று பதில் மாறுவதும் இந்த ஊரில் யாருக்கும் புதிய செய்தி அல்ல.

சான்சிபாரில் நம் ஆசிரியருக்கு ஒருவர் வீடு கொடுத்திருப்பார். ஜெர்மனியின் ஆக்கனில் நம் பிள்ளைக்கு ஒரு வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் வைத்து, குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று சொல்லிக் கொடுத்திருப்பார். பதிலுக்கு நாம் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. பாலவாக்கத்துக் கேட்டில் தொங்கும் அந்தப் பலகையைக் கழற்றி, கீழே இருக்கும் சின்ன எழுத்து வரியை அழித்துவிட்டு மறுபடி மாட்டினால் போதும்.