சுருட்டைப் பிடுங்கிய கை

நல்ல உருவப்படம் ஓர் ஆளின் உள்ளத்தை அப்படியே வெளியே கொண்டுவந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவாவில் யூசுப் கார்ஷ் எடுத்த வின்ஸ்டன் சர்ச்சில் படத்தைத்தான் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். கனடா நாடாளுமன்றத்தில் உரையாற்றிவிட்டு வந்த சர்ச்சிலுக்குப் படமெடுக்கும் ஏற்பாடு முன்கூட்டித் தெரியாது. வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார், சுருட்டை மட்டும் கீழே வைக்கவில்லை. கேமராவைத் தயாராக வைத்த கார்ஷ் நேரே அவரிடம் போனார். மன்னிப்புக் கேட்டபடியே சுருட்டை வாயிலிருந்து பிடுங்கினார். திரும்பிவந்து படத்தை எடுத்தார். முறைத்துப் பார்க்கும் அந்த முகம், ஹிட்லருக்குப் பணியாத பிரிட்டனின் முகமாக உலகெங்கும் பரவியது. 2016இல் வந்த ஐந்து பவுண்டு நோட்டிலும் இடம்பெற்றது. ஆனால் அந்தக் கணத்துக் கோபம் ஹிட்லர் மேல் வந்ததல்ல, சுருட்டு போனதால் வந்தது. சற்று நேரத்தில் சமாதானமாகி இன்னொரு படத்துக்கும் நின்றார், அதில் புன்னகைக்கிறார். அதே ஆள், அதே அறை. போர்க்காலத்துக்கு முறைப்புதான் வேண்டியிருந்தது. ஆகவே, ஆளுமையைக் கேமரா கண்டெடுப்பதில்லை. புகைப்படக்காரர் தூண்டுகிறார், காத்திருக்கிறார், பலவற்றில் ஒன்றைத் தேர்கிறார். நாம் பார்ப்பது அவர் வழங்கிய தீர்ப்பை.

அப்படியென்றால் உருவப்படம் பொய்தானா என்று கேட்கலாம். இல்லை, தீர்ப்புக்கு ஆதாரம் இருக்கிறதா என்பதே கேள்வி. 1963இல் ஜெர்மானியத் தொழிலதிபர் ஆல்ஃபிரீட் க்ருப்பை அவருடைய தொழிற்கூடத்திலேயே படமெடுத்தார் ஆர்னால்டு நியூமன் என்ற அமெரிக்க யூதர். இரு பக்கமும் விளக்குகளை வைத்து, முன்னால் சாயச் சொல்லி, முகத்தில் பேய்க்களை வந்ததும் எடுத்தார். அநியாயம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் போர்க்காலத்தில் அடிமை உழைப்பைப் பயன்படுத்திய குற்றத்துக்காக 1948இல் நூரம்பெர்க்கில் தண்டிக்கப்பட்டவர் க்ருப்; 1951இலேயே விடுதலையாகித் தொழிலுக்குத் திரும்பியவர். சாந்தமான ஒளியில் கண்ணியவானாகக் காட்டியிருந்தால் அதுவும் ஒரு தீர்ப்பாகத்தான் இருந்திருக்கும், அதைவிட மோசமான தீர்ப்பாக. ஆளுக்குத் தெரியாமல் எடுத்தால் உண்மை கிடைக்கும் என்ற வாதமும் நிற்காது. ஓடும் கணங்களில் எதை அச்சுக்கு அனுப்புவது என்று அங்கேயும் ஒருவர்தான் முடிவுசெய்கிறார்.

தீர்ப்பு என்றால் அதற்குப் பொறுப்பேற்க ஒரு பெயர் வேண்டும். உருவப்படத்தை அச்சிடும் இதழ்கள், எடுத்தவர் யார், எப்போது, எந்தச் சூழலில் எடுத்தார் என்பதை அதன் அடியிலேயே போட வேண்டும்.