அகலம் குறைந்த பின் ஆக்ஸில்: எப்படி அளப்பது, எங்கே தேடுவது?

பழைய பிக்கப் வண்டிகளைச் செப்பனிட்டு ஓட்டுவது அமெரிக்காவில் பலருக்கும் பொழுதுபோக்கு. அங்கே வேலை பார்க்கும் என் அக்கா மகன் 1956ஆம் வருட ஃபோர்டு எஃப்-100 ஒன்றை வைத்திருக்கிறான். நான் புனேயில் முப்பது வருடம் லேத் பட்டறையில் இருந்தவன். "மாமா, அகலமான டயர் போட்டால் மட்கார்டில் உரசும். பின் ஆக்ஸிலை வெட்டிக் குறைக்கலாமா?" என்று கேட்டான். மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. ஆகவே அவனுக்கு எழுதியதையே சற்று விரித்து நம் அன்பர்களுக்கும் தருகிறேன்.

ஆக்ஸிலின் அகலம் என்பது ஒரு பக்கம் சக்கரம் வந்து உட்காரும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை உள்ள தூரம். ஹவுசிங் குழாயை மட்டும் அளந்தால் கணக்குத் தப்பும். உதாரணத்துக்கு, இரு மட்கார்டுகளின் உட்புறங்களுக்கு இடையே 66 அங்குலம் என்று கொள்வோம். பக்கத்துக்கு 1 அங்குலம் இடைவெளி விட்டால் மீதி 64. டயர் 10 அங்குல அகலம், ரிம்மின் நடுவில் போல்ட் முகம் என்றால், டயர் அந்த முகத்துக்கு வெளியே 5 அங்குலம் நிற்கும். இரு பக்கமும் சேர்த்து 10 போக, ஆக்ஸில் 54 அங்குலம் இருக்க வேண்டும்.

ஆனால் வெட்டுவதற்கு முன் ரிம்மைப் பாருங்கள். போல்ட் முகம் 1 அங்குலம் வெளியே தள்ளி அமைந்த ரிம் கிடைத்தால் 56 அங்குல ஆக்ஸிலே போதும். டயரின் உள்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் இடிக்காமல் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கில் டாலர் செலவழிப்பதை விட இது எவ்வளவோ மேல்!

பலரும் தேடிப் போவது 1991 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் ஆக்ஸில். கிரவுன் வீலின் விட்டம் 8.8 அங்குலம், மொத்த அகலம் சுமார் 59½. 1995 முதல் டிஸ்க் பிரேக்கும் உண்டு. இதில் ஒரு சௌகரியம். டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி இருப்பதால் இடக் குழாய் நீளம். அதை ஏறக்குறைய 3 அங்குலம் குறைத்து, வலப்பக்கத்துக் குட்டை ஷாஃப்டையே இரு பக்கமும் போட்டுவிடலாம். புது ஷாஃப்ட் கடைய வேண்டாம். அகலமும் 56½க்கு வந்துவிடும். ஆனால் போல்ட் வட்டம் எக்ஸ்ப்ளோரரில் 4½ அங்குலம், எஃப்-100இல் 5½. முன் ஹப்பையும் மாற்றாவிட்டால் ஒரே ஸ்டெப்னி முன்னுக்கும் பின்னுக்கும் உதவாது.

வெல்டிங்தான் உயிர்நாடி. சூட்டில் குழாய் வளைந்தால் பேரிங், சீல், டயர் மூன்றும் தேயும். வெல்டிங்கே விட்டால் சக்கரம் இடம் பெயரும். பேரிங் உட்காரும் இடங்களில் அளவான வளையங்களை வைத்து, நேரான தடித்த கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அதற்கான கம்பி இல்லாத பட்டறையில் வேலையைக் கொடுக்காதே என்று கண்டிப்பாகவே எழுதினேன்.

இங்கே பழைய ஜீப் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஆக்ஸிலில் கை வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.