நெடுவரிசை மாற்றுப்பெயர் (எஸ்.கியூ.எல்)

எஸ்.கியூ.எல் வினவலின் விடையில் தோன்றும் ஒரு நெடுவரிசைக்கு, அந்த வினவலுக்குள் மட்டும் இடப்படும் பெயர் நெடுவரிசை மாற்றுப்பெயர் எனப்படும். இதனால் அட்டவணையில் உள்ள மூலப்பெயர் மாறுவதில்லை.

எழுதும் முறை

மாற்றுப்பெயர் 'ஆஸ்' என்னும் சிறப்புச்சொல்லை அடுத்து எழுதப்படும். (நடைமுறையில் கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிடப்படும்.)

செலக்ட் பெயர், கருத்தியல் + செய்முறை ஆஸ் மொத்தம் ஃபிரம் மதிப்பெண்கள்

இங்கு 'மொத்தம்' என்பது இரு மதிப்பெண்களைக் கூட்டிப் பெறும் நெடுவரிசை. மாற்றுப்பெயர் இடாவிட்டால் மையெஸ்கியூஎல் கூட்டல் கோவையையே தலைப்பாகக் காட்டும், போஸ்ட்கிரெஸ் கேள்விக்குறிகளுக்கு இடையே 'காலம்' என்ற ஆங்கிலச் சொல்லை இடும், எஸ்.கியூ.எல் சர்வர் பெயரின்றி விடும்.

இடைவெளி உள்ள பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுவது சீர்தர முறை. எஸ்.கியூ.எல் சர்வர் சதுர அடைப்பையும் ஏற்கும்.

பயன்படும் இடங்கள்

வினவல் எழுதப்பட்ட வரிசையில் செயற்படுவதில்லை. தருக்க முறைப்படி ஃபிரம், வேர், குரூப் பை, ஹேவிங், செலக்ட், ஆர்டர் பை என்பதே வரிசை. மாற்றுப்பெயர் செலக்ட் நிலையில்தான் பிறக்கிறது. எனவே அதனை ஆர்டர் பை பகுதியில் பயன்படுத்தலாம். வேர் பகுதியில் 'மொத்தம் > 80' என எழுதினால் பெரும்பாலான மென்பொருள்களில் பிழை வரும். அங்குக் கூட்டல் கோவையையே மீண்டும் எழுத வேண்டும், அல்லது உள்வினவல் அமைக்க வேண்டும். குரூப் பை பகுதியில் மையெஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவை மாற்றுப்பெயரை ஏற்கின்றன.

கவனிக்க வேண்டியவை

- பல மென்பொருள்களில் 'ஆஸ்' கட்டாயமில்லை. அதனால் 'செலக்ட் பெயர் கருத்தியல்' எனக் காற்புள்ளி விடுபட்டாலும் பிழைச்செய்தி வராது. 'கருத்தியல்' என்ற தலைப்பின்கீழ் மாணவர் பெயர்களே வரும். 'ஆஸ்' சொல்லை எப்போதும் எழுதிவந்தால், விடுபட்ட காற்புள்ளி கண்ணுக்கு எளிதில் தட்டுப்படும்.
- அட்டவணையில் ஏற்கனவே 'மொத்தம்' என்ற நெடுவரிசை இருந்தால், வேர் பகுதி அந்தப் பழைய மதிப்பையே ஒப்பிடும். பிழைச்செய்தி இன்றித் தவறான விடை கிடைக்கும். ஆகவே அட்டவணையில் இல்லாத பெயரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.
- இரு அட்டவணைகளை இணைக்கும்போது 'பெயர்' இருமுறை வரக்கூடும். 'மாணவர்_பெயர்', 'பள்ளி_பெயர்' எனப் பிரித்துப் பெயரிட்டால் குழப்பம் நீங்கும்.
- போஸ்ட்கிரெஸ் இயல்பு நிலையில் பெயருக்கு 63 பைட்டுகளே அளிக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ஆகவே 21 குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயரின் கடைப்பகுதி வெட்டப்படும்.